சேர்ந்த தேதியும் விபத்துத் தேதியும்

ஓசூர்ப் பக்கத்து ஆலை விபத்துக் கோப்பு எதைப் பிரித்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டு தேதிகள்: விபத்து நடந்த தேதி, அந்த ஆள் ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தேதி. எத்தனை விரல் போயிற்று, எந்த மிஷின், யார் கவனக்குறைவு என்பதெல்லாம் அப்புறம்தான். பதிவுத் தேதி முந்தி இருந்தால் கோப்பு சுலபம். இரண்டும் ஒரே நாளாக இருந்தால், அல்லது பதிவு மறுநாள் நடந்திருந்தால், அதற்கு மேல் சேரப்போகும் ஒவ்வொரு தாளும் வாய்க்கால் வரப்புச் சண்டைதான். சிப்காட் ஒன்று, இரண்டு, பேகேப்பள்ளி, மூக்கண்டப்பள்ளி, சூளகிரி, அந்தப் பக்கம் பர்கூர், போச்சம்பள்ளி என்று பரந்து கிடக்கும் இந்தத் தொழில் வட்டாரத்தில் இழப்பீடு என்றால் விபத்துக்குப் பிறகு வந்து சேரும் செலவு என்றே பெரும்பாலான முதலாளிகள் நினைக்கிறார்கள். கோப்புகளோடு நெடுநாள் புழங்கியதில் எனக்குப் பட்டது வேறு. எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், எத்தனை மாதத்தில் கைக்கு வரும் என்ற மூன்றும் ஆள் வேலைக்குச் சேர்ந்த அன்றே முக்கால்வாசி முடிவாகிவிடுகின்றன. 2010-லிருந்து சட்டத்தில் வந்த மாற்றங்கள் இதை மேலும் இறுக்கியிருக்கின்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்துவிட்டது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் அமலில் இருந்தது. தொழிலாளி முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின்போது வேலை காரணமாக அடிபட்டான் என்றால் போதும் என்பது அதன் அடிப்படை. பதிலுக்கு, தொகையை ஒரு கணக்கு கட்டிப்போட்டது. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதத்தை. இருபத்தைந்து வயதுக்குக் காரணி 216.91, முப்பதுக்கு 207.98. கணக்கு எளிது, ஆனால் 'மாதச் சம்பளம்' என்ற சொல்லுக்குள் ஒரு கதவு இருந்தது. ஆள் எவ்வளவு வாங்கினாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த வரம்பு முன்பு 4,000 ரூபாய். 2010 மே 31 முதல் 8,000. 2020 ஜனவரி 3 முதல் 15,000. வரம்புக்குக் குறையாமல் வாங்கிய இருபத்தைந்து வயதுக்காரரின் மரணத்துக்கு முதல் வரம்பில் 4,33,820 ரூபாய், இரண்டாவதில் 8,67,640, மூன்றாவதில் 16,26,825. எது பொருந்தும் என்பதை விபத்துத் தேதிதான் தீர்மானிக்கும், தீர்ப்புத் தேதி அன்று. கே. சிவராமன் எதிர் பி. சதீஷ்குமார் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது: 4,000 வரம்பு நீங்கியதன் பலன் அதற்கு முந்தைய விபத்துகளுக்குப் போகாது. ஆகவே 2025 நவம்பர் 21-க்கு முன்பு நடந்த விபத்துக்குப் புதிய தொகுப்பின் பிரிவுகளைக் காட்டி வாதாடுவது வீண் வேலை. இன்னும் சில ஆண்டுகளுக்கு நம் மேசைகளில் இரண்டு சட்டங்களும் அருகருகே கிடக்கும்.

இந்த வட்டாரத்தில் ஆலை விபத்துகளில் பெரும்பகுதி இழப்பீட்டு ஆணையரிடம் போகவே கூடாதவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர் ஈ.எஸ்.ஐ.க்குள் வருகிறார். வந்துவிட்டால் முதலாளிமேல் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது, பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருந்தது, புதிய தொகுப்பிலும் அது அடைபட்டே இருக்கிறது. சில வழக்கறிஞர்கள் இதைத் தொழிலாளிக்கு நஷ்டம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 20,000 வாங்கும் முப்பது வயதுக்காரர் பிரஸ்ஸில் அடிபட்டு இறந்தால், மனைவியும் ஒரு குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு ஈ.எஸ்.ஐ. சார்ந்தோர் பயன் சம்பளத்தில் 90 சதவீதம், ஏறக்குறைய 18,000 ரூபாய், மாதாமாதம் வரும். மனைவிக்கு மறுமணம் வரை அல்லது ஆயுள் வரை, குழந்தைக்கு 25 வயது வரை. இதே ஆள் 25,000 வாங்கி ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தால், 15,000 வரம்பின்படி குடும்பத்துக்கு மொத்தமாக 15,59,850 ரூபாய். ஈ.எஸ்.ஐ. ஓய்வூதியம் ஏழேகால் வருஷத்தில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அதாவது கூடுதல் சம்பளக்காரரின் குடும்பம் குறைந்த பாதுகாப்பில் நிற்கிறது. லீட்மேன், டூல் ரூம் ஆள், பழைய ஆபரேட்டர் என்று 21,000-ஐத் தாண்டியவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்துவைக்காத முதலாளி இந்த ஓட்டையைக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஈ.எஸ்.ஐ. முதலாளிக்கும் லாபம்தான் என்றால் ஏன் ஆளைப் பதியாமல் வைக்கிறார்கள்? ஆள் நிலைத்து நிற்பானா தெரியவில்லை, பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்பதுதான் சொல்லப்படும் காரணம். ஆதார் பெயர் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, அப்பா பெயரில் எழுத்துப் பிழை என்று வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் காகித இடைஞ்சலும் உண்மையிலேயே உண்டு. ஆனால் பிரஸ் ஷாப்பில் விரல் போவது பெரும்பாலும் மிஷின் பழகாத புது ஆளுக்குத்தான். காத்திருந்து பார்க்கும் அந்தப் பத்து நாள்தான் ஆபத்து மிகுந்த பத்து நாள். விபத்து நடந்ததும் கைபேசியை எடுத்து அன்று மாலைக்குள் நம்பர் வாங்கிவிடுவது ஓசூருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. வாகன உதிரிபாக ஆலைகளில் அடிபட்டவர்களைப் பற்றி ஸேஃப் இன் இந்தியா அமைப்பு வெளியிட்டுவரும் அறிக்கைகளைப் படித்தால், ஹரியானாவிலும் விபத்துக்குப் பிறகு கையில் வந்த ஈ.எஸ்.ஐ. அட்டைகள் ஏராளம் என்று தெரியும்.

இந்தப் பழக்கத்தின் விலைதான் இப்போது மாறியிருக்கிறது. சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம், அதற்காகத் தொழிலாளியின் உரிமை போகாது என்பதை உச்ச நீதிமன்றம் பாரகத் இன்ஜினியரிங் எதிர் ஆர். ரங்கநாயகி வழக்கில் 2003-இலேயே சொல்லிவிட்டது. பழைய சட்டத்தில் அப்படிப்பட்ட முதலாளியிடம் ஈ.எஸ்.ஐ. கழகம் வசூலித்தது, கட்டாத சந்தாவின் இரு மடங்கு, அல்லது பயன் தொகையில் ஏற்பட்ட வித்தியாசம், இவற்றில் பெரியது. புதிய தொகுப்பின் 42-ஆம் பிரிவு விபத்து நடந்த அன்றோ அதன் பின்போ ஆளைப் பதிவதை ஒரு தனித் தவறாகவே பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்தத் தவறால் தொழிலாளிக்குப் பயன் அற்றுப்போகும் நிலை வந்தால், கழகம் அவருக்குக் கொடுக்கலாம். கொடுத்த பயனின் மூலதன மதிப்பை முதலாளியிடமிருந்து வசூலிக்கலாம். மாதம் 18,000 வீதம் ஒரு குடும்பத்துக்குப் பல்லாண்டு போகவேண்டிய ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு என்றால் என்ன தொகை என்று ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் ஒரு பட்டறைக்காரர் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். அவர் போட்டிருக்கும் மிஷின்களின் விலையே அதில் அடங்கிவிடலாம்.

சிறு பட்டறைக்கு இது தாங்காது என்ற மறுப்பை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பெரிய வண்டிக் கம்பெனிகளுக்குப் பீஸ் கணக்கில் அடித்துக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் லாபம் பைசாக் கணக்கில் இருக்கிறது; பில் பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. ஆனாலும் கணக்கு கணக்குதான். 15,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 487 ரூபாய் 50 காசு. இருபது பேர் இருக்கும் பட்டறைக்கு வருஷத்துக்கு 1,17,000 ரூபாய். இருபத்தைந்து வயது ஆளின் ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 14 சதவீத இழப்பு. அதற்கு இழப்பீடு 2,73,306 ரூபாய். கட்டை விரல் என்றால் 30 சதவீதம், நான்கு விரல் என்றால் 50. தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயம் இல்லை என்று ஆணையர் கருதினால் மேலும் 50 சதவீதம் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால்கூட அந்த அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் போகவேண்டும் என்று வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் 1997-இல் தீர்ப்பாகிவிட்டது. ஒன்பது பேர் என்று ஆள் எண்ணிக்கையை நிறுத்திவைத்து ஈ.எஸ்.ஐ.யைத் தாண்டிக்கொண்டதாக மகிழ்பவர்கள், தாங்கள் தாண்டியது பாதுகாப்பையும்தான் என்பதை முதல் விபத்தில் கண்டுகொள்கிறார்கள். பத்துக்குக் குறைந்தால் இழப்பீட்டுச் சட்டம் போய்விடாது. அப்போது முழுப் பொறுப்பும் முதலாளியின் தலைமேல்.

சம்பளச் சீட்டுக்கு வருகிறேன். இங்கே பழகிப்போன முறை ஒன்று: அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதி, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, 'இதர படி' என்று மீதியை நிரப்புவது. பி.எஃப். குறையும் என்பதற்காகக் கண்டுபிடித்த வித்தை. புதிய தொகுப்பில் விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். 20,000-இல் 7,000 மட்டும் அடிப்படை என்று எழுதியிருந்தால், இனி சம்பளம் 10,000 என்றுதான் கணக்கு. இதைத் தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றி என்று சங்கங்கள் சொல்கின்றன, பாதி உண்மை. வீட்டு வாடகைப் படியும் ஓவர்டைம் படியும் சம்பள வரையறைக்கு வெளியே நிற்பதால், கையில் 28,000 வாங்குபவரின் சட்டபூர்வச் சம்பளம் 14,000 ஆக இருக்கலாம். அவர் 21,000 வரம்புக்குள் விழுந்து ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார், அது நல்லது. ஆனால் ஈ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் 16,000 வாங்குபவரின் சம்பளம் 9,000 என்று சீட்டு சொன்னால், இழப்பீடும் 9,000-ஐ வைத்தே கேட்கப்படும். முப்பது வயது மரணத்தில் 15,59,850-க்குப் பதில் 9,35,910. ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் ஆள் சேர்ந்த மாதம் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை போட்ட பிரிப்பினால். முதலாளிக்கு இது லாபமும் இல்லை. 'டபிள்யூ.சி. பாலிசி' என்று நாம் இன்னும் பழைய பெயரிலேயே சொல்லும் காப்பீட்டுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், உண்மைச் சம்பளத்தைக் குடும்பம் வங்கிக் கணக்கை வைத்து நிரூபிக்கும்போது, காட்டாமல் விட்ட பகுதியைக் காப்பீட்டுக் கம்பெனி தன் தலையில் ஏற்றுக்கொள்ளாது. மருத்துவச் செலவும் அப்படித்தான். 2010 முதல் சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவு முழுவதையும் முதலாளி தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாலிசியிலோ மருத்துவச் செலவுக்குச் சிறிய வரம்பு ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். அத்திப்பள்ளிக்கு அப்பாலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் கை அறுவைச் சிகிச்சைக்கு முதல் இரண்டு நாளிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடும்.

கான்ட்ராக்ட் ஆள் என்றால் பொறுப்பு கான்ட்ராக்டருக்குத்தான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருப்பது எனக்கு வியப்பு. 1923-லேயே 12-ஆம் பிரிவு எழுதி வைத்த விஷயம் இது: தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்டவர், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் தன் ஆளைப்போலவே இழப்பீடு கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். இந்த எல்லைப் பகுதியில் அந்தத் 'திருப்பிக் கேட்பது' கானல் நீர். கான்ட்ராக்டரின் பதிவு அலுவலகம் பொம்மசந்திராவிலோ பெங்களூரிலோ, ஆள் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ, மிஷின் ஓசூரில். விபத்து நடந்த வாரமே கான்ட்ராக்டரின் கைபேசி அணைந்துவிடும். எல்லை இங்கே ஒரு மறைப்பாக உதவும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. ஈ.எஸ்.ஐ. எண் நாடு முழுவதும் ஒன்றே. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்து ஆணையரிடமும் போடலாம், குடும்பம் வசிக்கும் ஊரிலும் போடலாம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்திலும் போடலாம். 1995-இல் வந்த இந்தத் திருத்தம் புலம்பெயர் தொழிலாளிக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை என்பது என் கருத்து. அதைப் பற்றிப் பேசுபவர்களைத்தான் காணோம். மாநிலம் கடந்த ஊரிலிருந்து நோட்டீஸ் வரும்போது ஹெச்.ஆர். அலுவலர்கள் திகைப்பதைப் பார்த்தால் அந்தப் பிரிவை அவர்கள் படித்ததே இல்லை என்று தெரிகிறது.

மரணக் கோப்புகளில் நடக்கும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நடக்கும் பஞ்சாயத்து. உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சங்கத்தவர், காவல்துறை எல்லோரும் கூடி ஒரு தொகை பேசுவார்கள். முத்திரைத்தாளில் 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று கையெழுத்தாகும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அன்றைக்கே கையில் காசு வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்? ஆணையரிடம் போனால் வருஷம் ஆகும், அதற்குள் அந்த வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே என்று இந்த ஏற்பாட்டுக்காகப் பேசுபவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் வெறும் தாள். மரண இழப்பீட்டை ஆணையரிடம் கட்டினால்தான் கட்டியதாகக் கணக்கு. நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணம் கொடுக்கலாம், அதை மட்டும் ஆணையர் கழித்துக்கொள்வார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தமும் செல்லாது. ஆக, ஐந்து லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய முதலாளி ஒரு வருஷம் கழித்துப் பதினாறு லட்சமும் அதற்கு வட்டியும் கட்ட நேர்ந்தால், அவரை ஏமாற்றியது குடும்பம் அன்று, முத்திரைத்தாள். அந்தத் தாய் அல்லது மனைவியின் கண்ணிலிருந்து பார்த்தாலும் ஆணையர் வழியே மேல். பங்காளிகளும் தரகர்களும் கூடிப் பிரித்துக்கொள்வதைத் தடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து, சிறு பிள்ளையின் பங்கை வங்கியில் போட்டு வைப்பதற்குத்தான் அந்த விதியே வந்தது. முன்பணத்தை அன்றே கொடுத்துவிட்டு முழுத் தொகையை ஒரு மாதத்துக்குள் ஆணையரிடம் கட்டிவிடுகிற முதலாளிக்கு வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை, பிணவறை வாசலில் பேரமும் இல்லை.

போக்குவரத்து விபத்து விஷயத்தில் முதலாளிகளின் கோபம் அதிகம். தேன்கனிக்கோட்டை, பாகலூர், பேரிகை, ராயக்கோட்டை, ஆனேக்கல் என்று இருபது முப்பது கிலோமீட்டரிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் ஆட்கள் வருகிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் லாரி மோதினால் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். 2025 ஜூலையில் தைவ்சாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் மரணத்தைப் பரிசீலித்தது. 2003-இல், அதிகாலை மூன்று மணி ஷிஃப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பு நடந்த விபத்து. அது வேலையின் தொடர்பில் நேர்ந்த விபத்தே என்று தீர்ப்பு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே இந்த விதி வந்துவிட்டது. புதிய தொகுப்பு அதை இழப்பீட்டுப் பகுதிக்கும் கொண்டுவந்திருக்கிறது. முதலாளியின் கட்டுப்பாட்டில் சாலை இல்லை என்பது சரிதான். ஆனால் இந்தச் சட்டம் நூறு வருஷமாகவே கட்டுப்பாட்டைப் பார்த்துப் பொறுப்பை வகுக்கவில்லை. வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் பார்க்கிறது. இரவு மூன்று மணிக்கு அந்த ஆள் சாலையில் இருந்ததற்கு ஷிஃப்ட் தவிர வேறு காரணம் என்ன? போலி மனுக்கள் வரும் என்ற அச்சத்துக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது: நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து வேறு திசையில் நடந்த விபத்து பொருந்தாது. அதை நிரூபிக்க முதலாளிக்கு வேண்டியது பஞ்ச் பதிவும் ஷிஃப்ட் பட்டியலும் ஆளின் சரியான முகவரியும். மறுபடியும் சேர்ந்த நாளில் எழுதும் காகிதங்கள்தான்.

'கார்டை அவனே கழற்றினான், சென்சாரை அவனே ஆஃப் செய்தான்' என்ற வாதத்தை எல்லா விரல் கோப்பிலும் காண்கிறேன். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றிய தொழிலாளிக்கு இழப்பீடு இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது. சிறு காயங்களிலும் அதை நிரூபிப்பது முதலாளியின் வேலை. இரண்டு கை பொத்தான் இருக்கும் பிரஸ்ஸில் ஒரு பொத்தானைக் குச்சி வைத்து அழுத்தி ஓட்டினால்தான் மணிக்கு இத்தனை பீஸ் வரும் என்றால், அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தவர் யார் என்ற கேள்வி வரும். ஆணையர்கள் அதைக் கேட்கிறார்கள். சதவீத விஷயத்திலும் அட்டவணையே கடைசி வார்த்தை இல்லை. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு, அட்டவணை குறைவாகச் சொன்னபோதும், இனி தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால் நூறு சதவீத இழப்பு என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. டூல் அண்ட் டை வேலைக்காரரின் கட்டை விரலுக்கு 30 சதவீதம் என்று எழுதி முடித்துவிட்டதாக நினைக்கும் கோப்புகள் இதனால்தான் மேல்முறையீட்டில் மீண்டும் திறக்கின்றன.

2017-இல் பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்ந்த 17-ஏ பிரிவு பலருக்குத் தெரியாது: வேலைக்குச் சேரும்போதே ஆளுக்கு இழப்பீட்டு உரிமையை எழுத்திலும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம் குறைந்தது 50,000 ரூபாய், ஒரு லட்சம் வரை போகலாம் என்று அது சொன்னது. ஆங்கிலத்தில், ஹிந்தியில் அல்லது அந்த வட்டாரத்தின் ஆட்சிமொழியில், ஆளுக்குப் புரிகிற ஒன்றில் சொல்ல வேண்டுமாம். ஒடியா மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு இந்த மூன்றில் எது புரியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூரில் அது இன்னும் வேடிக்கை. ஆனாலும் இந்தப் பிரிவும், பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எல்லோருக்கும் கட்டாயமாக்கிய நியமனக் கடிதமும் சேர்ந்து, சேர்ந்த நாள் என்ன என்ற சண்டையையே ஒழித்துவிடக்கூடியவை. தேதி போட்ட ஒரு கடிதம், ஒரு ஈ.எஸ்.ஐ. எண், உண்மைச் சம்பளம், குடும்பத்தார் பெயர். இவை நான்கும் முதல் ஷிஃப்ட்டுக்கு முன்பே இருந்தால் என்னைப்போன்றவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தற்காலிக ஆள், சீசன் ஆள், அவருக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இரண்டு இடங்களை நினைத்துப் பார்க்கலாம். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து முதலில் 14 பேர், பிறகு மேலும் சிலர் மாண்டார்கள். தீபாவளி சீசன் வேலைக்குத் தர்மபுரி மாவட்டத்திலிருந்தும் பிற தமிழக ஊர்களிலிருந்தும் போன இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு. அரசுகள் அறிவித்த நிவாரணம் கருணைத் தொகை. முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. தற்காலிக வேலைக்காரருக்குச் சட்டம் இல்லை என்ற விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. வெடிபொருள் கையாளும் வேலை சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கிறது. விபத்து கர்நாடகத்தில் நடந்தாலும் மனுவை ஊரிலிருந்தே போடலாம். மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு. அத்திப்பள்ளியில் அன்றே இறந்தவர்களுக்கு அது 2025 அக்டோபர் 7 அன்று முடிந்தது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அந்தக் குடும்பங்களில் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள்.